லாகின் விவரம் குக்கியில் இருக்கலாமா, சர்வரில்தான் இருக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊரில் உள்ள ஒரு டியூஷன் மையத்துக்காக, நானே பிஎச்பி கற்றுக்கொண்டு ஓர் இணையதளம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாணவர்கள் மதிப்பெண் பார்க்கிறார்கள். பெற்றோர் கட்டண நிலுவையைப் பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் மதிப்பெண் பதிகிறார்கள். கடவுச்சொல் சரியாக இருந்தால், பயனர் எண்ணை ஒரு குக்கியிலும் அவர் மாணவரா, பெற்றோரா, ஆசிரியரா என்பதை இன்னொரு குக்கியிலும் 30 நாட்களுக்கு எழுதி வைத்துவிடுகிறேன். மற்ற பக்கங்கள் அவற்றைப் படித்து ஆளை அடையாளம் காண்கின்றன. குக்கி ஆபத்தானது, செஷனுக்கு மாறிவிடு என்கிறார் ஒரு நண்பர். செஷனும் குக்கியை நம்பித்தான் ஓடுகிறது, குக்கியை என்கிரிப்ட் செய்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? அடிக்கடி லாகின் செய்யச் சொன்னால் பெற்றோர் சலித்துக்கொள்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். தளம், பல வாடிக்கையாளர்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓர் ஆண்டாக இயங்கி வருகிறது.

பதில்: உங்கள் இரண்டு நண்பர்களும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய விவாதத்துக்குள் போவதற்கு முன், இப்போது உங்கள் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து ஒரு மாணவர் கணக்கில் லாகின் செய்யுங்கள். எஃப் 12 விசையை அழுத்தி, அப்ளிகேஷன் என்ற பகுதியில் குக்கிகளின் பட்டியலைத் திறங்கள். மாணவர் என்று குறித்திருக்கும் மதிப்பின் மீது இருமுறை சொடுக்கி, அதை ஆசிரியர் என்று மாற்றிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். நீங்கள் விவரித்தபடிதான் நிரல் எழுதப்பட்டிருக்கிறது என்றால், மதிப்பெண் பதியும் பக்கம் எந்தத் தடையும் இல்லாமல் திறக்கும். பயனர் எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த மாணவரின் பக்கம் திறக்கும். இதற்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, நிரல் எழுதத் தெரிந்திருக்கவும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஆர்வத்தில் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாலே போதும்.

இந்த ஓட்டைக்குக் காரணம் குக்கி என்ற தொழில்நுட்பம் அன்று. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. முந்தைய கோரிக்கையை அனுப்பியவர்தான் இதையும் அனுப்புகிறாரா என்பது சர்வருக்குத் தெரியாது. அந்தக் குறையை நிரப்புவதற்காக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியதுதான் குக்கி: சர்வர் கொடுக்கும் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசர் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும். அந்தக் குறிப்பு பயனரின் கணினியில் இருப்பதால், அதைப் படிக்கவும் திருத்தவும் அழிக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு. ஆகவே பிரவுசரிடமிருந்து வரும் எதையும், அது நீங்களே எழுதி அனுப்பியதாக இருந்தாலும், வெளியாள் தட்டச்சு செய்த உள்ளீடாகவே கருத வேண்டும். ‘இவர் ஆசிரியர்’ என்ற தகவலுக்குச் சாட்சியாக அந்தப் பயனரையே நிறுத்தியிருப்பதுதான் உங்கள் தளத்தின் பிரச்சினை.

செஷனில் இந்தச் சாட்சி சர்வருக்கு இடம் மாறுகிறது. பிஎச்பியில் செஷன் தொடங்கும்போது பொருளற்ற, தற்செயலான ஓர் அடையாள எண் உருவாகிறது. பயனர் எண், அவர் வகிக்கும் பங்கு ஆகிய விவரங்கள் அந்த எண்ணின் பெயரில் சர்வரில் ஒரு கோப்பாகப் பதிவாகின்றன; குக்கியில் போவது எண் மட்டுமே. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கனைப் போல, அதைக் கையில் வைத்திருப்பவர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே எது இருக்கிறது என்று தெரியாது. டோக்கனில் பேனாவால் கிறுக்கினால் செருப்பும் மாறிவிடாது. வேறொருவரின் எண்ணை ஊகித்துவிட முடியாதா என்று கேட்கலாம். பிஎச்பி இயல்பாக உருவாக்கும் எண் ஏறத்தாழ 128 பிட் தற்செயல் தன்மை கொண்டது. அதாவது, சாத்தியமான எண்களின் தொகை 39 இலக்கம் கொண்டது. அந்த வழியில் யாரும் வந்துவிட முடியாது. எனவே உங்கள் தளத்துக்கு என் பரிந்துரை சர்வர் செஷன்தான். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டாவது நண்பர் சொன்ன என்கிரிப்ட் செய்யும் யோசனையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, பலரும் அதில்தான் சிக்குகிறார்கள். என்கிரிப்ட் செய்வது, படிக்க விடாமல் தடுக்கிறது. திருத்த விடாமல் தடுப்பது வேறு வேலை. சில என்கிரிப்ஷன் முறைகளில், உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமலேயே குறிப்பிட்ட ஒரு பிட்டைப் புரட்டி, அவிழ்க்கும்போது வேறு மதிப்பு வரும்படி செய்துவிட முடியும். அதைத் தடுக்க, சர்வருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியைக் கொண்டு எச்மாக் போன்ற ஒரு முத்திரையையும் குக்கியில் சேர்க்க வேண்டும். முத்திரை பொருந்தாத குக்கியைத் தூக்கி எறிய வேண்டும். பைத்தான் மொழியில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்க் சட்டகம் இயல்பாகச் செய்வது இதைத்தான்: அதன் செஷன் குக்கியில் முத்திரை உண்டு, என்கிரிப்ஷன் கிடையாது, யாரும் படிக்கலாம், யாரும் திருத்த முடியாது. நன்கு சோதிக்கப்பட்ட நூலகத்தைக் கொண்டு முறையாகச் செய்தால் இது பாதுகாப்பான வழிதான் என்பதை மறுக்கவில்லை.

நாமே ஒரு முத்திரையைக் கண்டுபிடிக்க முனையும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. 2001-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் சிலர் பல தளங்களின் லாகின் குக்கிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் தளம் பற்றிய பகுதியை இணையதளம் எழுதும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். பயனர் பெயரோடு ஒரு ரகசியச் சொல்லை ஒட்டி, யூனிக்ஸின் கிரிப்ட் என்ற பழைய செயல்பாட்டுக்குள் செலுத்தி, கிடைத்த விடையையே அந்தத் தளம் முத்திரையாகப் பயன்படுத்தியது. அந்தச் செயல்பாடோ முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். பயனர் பெயரே 8 எழுத்து இருந்துவிட்டால் ரகசியச் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. 7 எழுத்துப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினால் ரகசியத்தின் முதல் எழுத்து மட்டும் விடையைப் பாதிக்கும். அதிகபட்சம் 128 ஊகங்களில் அந்த எழுத்து தெரிந்துவிடும். அடுத்து 6 எழுத்துப் பெயர், அதற்கடுத்து 5 எழுத்து என்று இறங்கி வந்தால், ஆயிரத்துச் சொச்சம் ஊகங்களுக்குள் முழு ரகசியமும் கையில். ‘மார்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதையடுத்து 20 என்ற எண்ணும் சேர்ந்ததுதான் அந்த ரகசியம். அதன் பிறகு எந்தச் சந்தாதாரரின் பெயரிலும், அவருடைய கடவுச்சொல் தெரியாமலேயே, செல்லுபடியாகும் குக்கி தயாரிக்கலாம். பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களே தடுக்கிய இடம் இது என்பதால், நீங்கள் தனியாக இந்த வழியில் நடக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

முத்திரை பிழையில்லாமல் இருந்தாலும், எல்லாம் அந்த ஒரே ரகசியச் சாவியை நம்பியிருக்கிறது. யாஹூவுக்குள் ஊடுருவியவர்கள் குக்கி உருவாக்கும் முறையைக் கற்றுக்கொண்டு போலிக் குக்கிகளைத் தயாரித்தார்கள். 2015, 2016 ஆண்டுகளில் சுமார் 3.2 கோடி கணக்குகளுக்கு அத்தகைய குக்கிகள் பயன்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே 2017-இல் அறிவித்தது. பயனர்கள் எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்திருந்தாலும் அது அங்கே பயன்படவில்லை.

உங்கள் மையத்துக்கு இதைவிட நேரடியாகப் பொருந்தும் குறை ஒன்று உண்டு. விவரம் முழுவதும் குக்கியிலேயே இருந்தால், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஓர் ஆசிரியர் வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிரவுசரில் ‘ஆசிரியர்’ என்று முத்திரையிட்ட குக்கி 30 நாட்கள் செல்லுபடியாகும். அவர் லாகவுட் செய்தாலும் அந்தப் பிரவுசரில் இருக்கும் பிரதிதான் அழிகிறது. எங்காவது நகல் எடுக்கப்பட்டிருந்தால் அது தொடர்ந்து வேலை செய்யும். விவரத்தை முத்திரையிட்டுப் பயனரிடமே கொடுத்துவிடும் ஜேடபிள்யூடி என்ற டோக்கன் முறையைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதற்கும் இதே குறை உண்டு. செஷனில் இந்தத் தொல்லை இல்லை. சர்வரில் உள்ள பதிவை நீக்கிய நொடியில், அந்த எண் உலகில் யாரிடம் இருந்தாலும் செல்லாது. 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் லாகின் டோக்கன்கள் திருடப்பட்டபோது, சுமார் 9 கோடிக் கணக்குகளின் டோக்கன்களை அந்நிறுவனம் ஒரேயடியாக ரத்து செய்து அனைவரையும் மறுபடி லாகின் செய்ய வைத்தது. அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், டோக்கன் செல்லுமா செல்லாதா என்ற முடிவு சர்வரின் கையில் இருந்ததுதான்.

இனி, செஷனும் குக்கியை நம்பித்தான் ஓடுகிறது என்று உங்கள் நண்பர் சொன்ன பாதிக்கு வருகிறேன். அது முற்றிலும் உண்மை, அதை மறந்துவிட்டுச் செஷனுக்கு மாறியதோடு நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். டோக்கனைத் திருத்த முடியாதே தவிர, திருட முடியும். கொண்டுவந்து நீட்டுபவர் எவரோ அவரையே உரியவராகச் சர்வர் எடுத்துக்கொள்ளும். அந்த எண் எந்தெந்த வழியில் கைமாறக்கூடும் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும்.

முதல் வழி, கம்பியில்லா இணைப்பில் ஒட்டுக் கேட்பது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். பூட்டப்படாத வைஃபையில் அமர்ந்திருக்கும் மற்றவர்களின் செஷன் குக்கிகளைப் பிடித்து, பெயரும் படமுமாக ஓரத்தில் வரிசையாகக் காட்டும். ஒரு படத்தைச் சொடுக்கினால் அந்த ஆளாகவே தளத்துக்குள் நுழைந்துவிடலாம். அன்று பல பெரிய தளங்கள் லாகின் பக்கத்துக்கு மட்டும், போக்குவரத்தை என்கிரிப்ட் செய்யும் எச்டிடிபிஎஸ் போட்டுவிட்டு, மீதிப் பக்கங்களை வெறும் எச்டிடிபியில் விட்டிருந்தன. கடவுச்சொல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த குக்கி வெளிப்படையாக உலவியது. உங்கள் தளம் முழுவதும், ஒரு படக்கோப்பு உட்பட, எச்டிடிபிஎஸ் வழியே மட்டும் செல்ல வேண்டும். இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வந்த பிறகு, எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழுக்குக் காசும் தேவையில்லை. பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங்குகளில் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே அந்த வசதி இருக்கும். அத்துடன் செஷன் குக்கிக்குச் செக்யூர் என்ற பண்பைச் சேர்த்துவிட்டால், தவறிப் போய் எச்டிடிபி முகவரிக்குச் சென்றாலும் பிரவுசர் குக்கியை அனுப்பாது.

இரண்டாவது வழி, உங்கள் பக்கத்துக்குள்ளேயே வேற்று ஜாவாஸ்கிரிப்டை நுழைப்பது. மாணவர்கள் சந்தேகம் எழுதி அனுப்பும் பெட்டி உங்கள் தளத்தில் இருந்தால், அதில் ஒருவர் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைக்கலாம்; ஆசிரியர் அதைத் திறக்கும்போது அது ஆசிரியரின் பிரவுசரில் ஓடும். எச்டிடிபிஒன்லி என்ற பண்பைச் சேர்த்தால் ஸ்கிரிப்டால் குக்கியைப் படிக்க முடியாது. ஆனால் அதை முழுக் கவசமாக எண்ணிவிடாதீர்கள்: குக்கியை எடுத்துச் செல்ல முடியாவிட்டாலும், அங்கேயே இருந்தபடி ஆசிரியரின் பெயரில் மதிப்பெண்ணை மாற்ற அந்த ஸ்கிரிப்டால் முடியும். பயனர் எழுதிய எதையும் திரையில் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஸ்கிரிப்டை ஓடாத வெறும் எழுத்துகளாக்கும் எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் செயல்பாட்டின் வழியே அனுப்பிக் காட்டுவதுதான் உண்மையான தீர்வு.

குக்கியைத் திருடாமலேயே பயன்படுத்திக்கொள்ளும் வழி ஒன்றும் உண்டு. பிரவுசர் குக்கியைத் தானாகவே இணைத்து அனுப்புவதால், வேறொரு தளத்தில் மறைத்து வைத்த படிவம் ஒன்று, ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் உங்கள் சர்வருக்கு ‘இந்த மாணவருக்கு 98’ என்று அனுப்பிவிடலாம். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போவதைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் பண்பை லேக்ஸ் என்று வைத்தால் இது பெரிதும் தடைபடும். குரோம் 2020-இலிருந்து இதை இயல்பாகவே செய்கிறது. எல்லாப் பிரவுசர்களும் அப்படிச் செய்வதில்லை என்பதால் நீங்களே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பிஎச்பி 7.3 முதல் இதற்கான அமைப்பு உண்டு. கூடவே ஒவ்வொரு படிவத்திலும் செஷனோடு பிணைந்த ஒரு தற்செயல் டோக்கனை மறைபுலமாக வைத்துச் சரிபாருங்கள். வெறும் இணைப்பைச் சொடுக்கினாலே ஏதாவது நீக்கப்படும், மாற்றப்படும் என்ற அமைப்பு எங்கேனும் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். லேக்ஸ் அதைத் தடுக்காது.

லாகின் வெற்றி பெற்ற கணத்தில் செஷன் எண்ணைப் புதிதாக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லாகினுக்கு முன்பே ஓர் எண்ணை அடுத்தவர் பிரவுசரில் திணித்துவிட்டு, அவர் லாகின் செய்த பிறகு அதே எண்ணோடு உள்ளே வருவது பழைய தந்திரம். செஷன் ரீஜெனரேட் ஐடி என்ற ஒரே வரி அதை முறியடிக்கும். ஸ்ட்ரிக்ட் மோட் என்ற அமைப்பையும் இயக்கி வைத்தால், சர்வர் தானே உருவாக்காத எண்ணை ஏற்காது. லாகவுட்டின்போது குக்கியை அழிப்பதோடு சர்வரில் உள்ள செஷனையும் அழிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நீங்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பதால் ஒரு தனி எச்சரிக்கை. சில சர்வர்களில், அமைப்பு சரியாக இல்லாவிட்டால், எல்லா வாடிக்கையாளர்களின் செஷன் கோப்புகளும் ஒரே பொதுத் தற்காலிக அடைவில் (ஃபோல்டரில்) விழுகின்றன. அங்கே வேறு தளத்தின் நிரல் உங்கள் கோப்புகளைப் படிக்க வாய்ப்புண்டு. கோப்பின் பெயரிலேயே செஷன் எண் இருப்பதால், பட்டியலைப் பார்த்தாலே போதும். பிஎச்பியில் செஷன் தரவின் ஆயுள் இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். நீங்கள் அதை நீட்டி வைத்திருந்தாலும், அதே அடைவைப் பயன்படுத்தும் இன்னொரு தளத்தின் குறுகிய கெடு உங்கள் கோப்புகளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடும். ‘செஷன் திடீரென்று அறுந்துவிடுகிறது’ என்ற புகார்களில் கணிசமானவை இப்படி வருபவைதான். உங்கள் கணக்குக்குள், பொதுப் பார்வைக்குரிய அடைவுக்கு வெளியே, நீங்கள் மட்டும் படிக்கக்கூடிய ஓர் அடைவை உருவாக்கி, செஷன் சேவ் பாத் அமைப்பை அதற்குத் திருப்புங்கள். அல்லது செஷன்களை டேட்டாபேஸ் அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்கிறார் என்று பார்த்து ரத்து செய்ய அட்டவணைதான் வசதி என்பதால், நானாக இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பெற்றோரின் சலிப்பைப் புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். கட்டண நிலுவையைப் பார்க்க வரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால், அவர் அதைச் சுவர்க் காலண்டரில் எழுதி வைப்பார். ‘இந்தக் கருவியில் நினைவில் வை’ என்று ஒரு கட்டத்தைக் கொடுங்கள். அது இயல்பாகக் காலியாக இருக்கட்டும், ஏனென்றால் மையத்தின் பொதுக் கணினியிலும் சிலர் லாகின் செய்வார்கள். கட்டத்தில் குறியிட்டவருக்குச் செஷனைத் தவிர இரண்டாவதாக ஒரு குக்கி கொடுங்கள். அதில் தேடுவதற்கு ஒரு பகுதியும் சரிபார்ப்பதற்கு ஒரு நீண்ட தற்செயல் பகுதியும் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியின் ஹாஷை, அதாவது மூலத்தை மீட்டெடுக்க முடியாதபடி கணக்கிட்ட அதன் சுருக்கத்தை மட்டுமே டேட்டாபேஸில் வைக்க வேண்டும், அப்போதுதான் டேட்டாபேஸ் கசிந்தாலும் அந்தக் குக்கியைத் தயாரிக்க முடியாது. ஒவ்வொரு முறை பயன்பட்டதும் பழையதை நீக்கிப் புதிதைக் கொடுங்கள். கடவுச்சொல் மாறினால் அனைத்தையும் நீக்குங்கள். பெற்றோருக்கும் மாணவருக்கும் 30 நாள் கெடு பொருத்தமானதே. ஆசிரியர் கணக்குக்கு இந்த வசதியே வேண்டாம். சற்று உயர்ந்த பாதுகாப்பு நிலைக்கு, அரை மணி நேரம் சும்மா இருந்தாலோ 12 மணி நேரம் கடந்தாலோ மறுபடி அடையாளம் கேட்க வேண்டும் என்று அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிலை நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. அந்த அளவை ஆசிரியர்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பயனரின் கணினியிலேயே வைரஸ் புகுந்து குக்கிகளை அள்ளிச் சென்றால், மேலே சொன்ன எதுவும் தடுக்காது. 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியிலிருந்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கடந்து பெற்ற செஷன் குக்கியே அப்படித் திருடு போனது. மதிப்பெண்ணை வெளியிடும் பொத்தானுக்கு முன் கடவுச்சொல்லை இன்னொரு முறை கேட்பது, திருடிய குக்கியை மட்டும் வைத்திருப்பவரை அங்கேயே நிறுத்தும். இந்த ஒரு படியை விட்டுவிடாதீர்கள்.

மாற்றத்தைச் செய்யும்போது, பழைய இரண்டு குக்கிகளைப் படிக்கும் வரிகள் நிரலில் ஓரிடத்தில்கூட மிஞ்சக் கூடாது. பழைய பயனர்கள் சிரமப்படாமல் இருக்கட்டும் என்று ‘செஷன் இல்லாவிட்டால் குக்கியைப் பார்’ என்று எழுதிவிட்டால் முழு உழைப்பும் வீண். எல்லோரும் ஒருமுறை புதிதாக லாகின் செய்யட்டும். பங்கு என்ன என்பதைச் செஷனில் எழுதினாலும், மதிப்பெண் மாற்றும் பக்கங்களில் அதை டேட்டாபேஸில் மறுபடி சரிபாருங்கள். எந்த மாணவரின் பக்கம் என்பது முகவரியில் எண்ணாக வந்தால், லாகின் செய்தவருக்கு அந்த எண்ணைப் பார்க்க உரிமை உண்டா என்பதையும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். செஷன் ஆளைச் சொல்லுமே தவிர, அவருக்கு எதில் உரிமை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஓர் ஆண்டாக இந்த ஓட்டை திறந்தே இருந்திருக்கிறது. மையத்தின் பொறுப்பாளரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பக்கங்கள் எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் திறக்கப்பட்டன என்பது ஹோஸ்டிங்கின் அணுகல் பதிவில் இருக்கும். அந்தப் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிக்கப்பட்டுவிடுவதால், எந்த மாற்றமும் செய்வதற்கு முன்பே இன்றைக்கு இருப்பதை நகல் எடுத்து வையுங்கள். மதிப்பெண்களை ஆசிரியர்களின் காகிதப் பதிவேட்டோடும், கட்டண விவரங்களை ரசீதுப் புத்தகத்தோடும் ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தாத வரி ஏதேனும் கிடைத்தால், அந்த மாணவரைக் குற்றவாளியாக்கும் முன் அது வெறும் தட்டச்சுப் பிழையா என்பதைப் பதிந்த ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.